அந்தூர்க்காரர் கட்டிய கம்பி

எங்கள் ஷெட்டில் யாரும் தப்பே செய்ததில்லை. நடந்த தப்பையெல்லாம் செய்தவர் அந்தூர்க்காரர்.

எந்த ஊர் என்று கேட்டால், அந்த ஊர்தான். முதலில் ஆளாளுக்கு ஓர் ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் கதை விட்டுக்கொண்டிருந்தார்கள். "செந்துறையில ஒருத்தரு" என்று ஆரம்பித்தால் செந்துறையிலிருந்து பஸ் ஏறி வருகிறவருக்கு முகம் சுருங்கும். "மீன்சுருட்டிப் பக்கம்" என்றால் அந்தப் பக்கத்து லாரி டிரைவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போவார். கடைசியில் எல்லோருக்கும் பொதுவாக ஓர் ஊரை உண்டாக்கிக்கொண்டோம். அந்தூரு. அங்கே ஒரே ஒரு ஆள்தான் குடியிருக்கிறார். அவருக்குக் கல்யாணம் ஆயிற்றா, பிள்ளைகுட்டி உண்டா, யாருக்கும் தெரியாது. ஆனால் அவர் செய்யாத கோளாறு கிடையாது.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற சாலையில் இருக்கிறது எங்கள் மக்காச்சோள ஷெட். குன்னம் பக்கத்துக் காட்டுச் சோளம் அறுவடைக் காலத்தில் இங்கே வந்துதான் கொட்டும். உலர்த்தி, தூசி நீக்கி, கோழித் தீவனத்துக்கு அனுப்புவோம். நான் எடை மேடையில் உட்காருகிறவன். ஒரு லாரி இறங்கி அடுத்த லாரி ஏறுகிற நேரத்தில் ஆட்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். பள்ளிக்கூடத்தில் நான் உட்கார்ந்த காலம் கொஞ்சம்தான். பேச்சைக் கேட்டுக் கேட்டுத்தான் பேசவும் கற்றுக்கொண்டேன், பிறகு இப்படி எழுதவும்.

நைட் ஷிப்ட் முடிகிறவர்களும் பகல் ஷிப்ட் தொடங்குகிறவர்களும் காலையில் டீ டிரம்மைச் சுற்றி நிற்பார்கள். அப்போதுதான் அந்தூர்க்காரர் வருவார். நைட் ஆபரேட்டர் சொல்வார்: "நேத்து அந்தூருக்காரரு டிரையர் கதவ சாத்தாமலே குந்திட்டாராம். காலைல பாத்தா மைனாவெல்லாம் அவிச்ச சோளத்தத் தின்னுட்டு ஏப்பம் விட்டுக்கிட்டு நடந்து போவுதாம், பறக்க முடியாம." எல்லோரும் சிரிப்போம். சிரித்துக்கொண்டே பகல் ஆபரேட்டர் எழுந்து போய் டிரையர் கதவைப் பார்ப்பார். கொக்கி தளர்ந்திருக்கும், மாட்டிவிட்டு வருவார். யார் சாத்தவில்லை என்று ஒருத்தரும் கேட்க மாட்டோம். தப்புச் செய்தவனுக்கு மானம் போகாது, அடுத்து வருகிறவனுக்கு விஷயமும் போய்ச் சேர்ந்துவிடும். அந்தூர்க்காரர் கதை என்றால் எங்களுக்கு இரண்டு நிச்சயம். நடந்தது இந்த ஷெட்டில்தான். நடந்தது நேற்றோ இன்றோதான்.

இந்த அறுவடை தொடங்கும்போது புது மேனேஜர் வந்தார். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், குரல் உயர்த்தாதவர், கெட்டவர் இல்லை. அவர் வந்த முதல் வாரத்திலேயே லாரி வரிசை மெயின் ரோடு வரைக்கும் நின்றது. நாங்கள் அந்தக் கூட்டத்திலும் அரை மணி நேரம் டீ குடித்துச் சிரித்துக்கொண்டிருந்தோம். அவருக்குக் கோபம் வந்ததில் நியாயம் உண்டு. மறுநாளிலிருந்து டீ தனி, மீட்டிங் தனி. ஷிப்ட் மாறும்போது வரிசையாக நிற்க வேண்டும். பிரச்சினை இருக்கிறதா, இல்லையா, அதை மட்டும் சொல்ல வேண்டும்.

"கதை வேண்டாமுங்க. விஷயம் மட்டும் போதும்" என்றார்.

முதல் நாள் மீட்டிங்கிலேயே அது இடித்தது. குழி சுத்தம் செய்கிற அக்கா ஒருவர் இருக்கிறார். குன்னத்துக்குப் பக்கத்தில் ஊர், ஐம்பது வயது இருக்கும், எனக்கு முன்பே ஷெட்டுக்கு வந்தவர். அவர்தான் பேசினார்.

"அந்தூருல ஒரு லாரிங்க. பின்னாலயே வந்து, குழி மூடி மேல ஏறிக் குந்திக்கிச்சாம். மூடி கவுந்த தோசக்கல்லு மாதிரி வளைஞ்சு போயி..."

"அக்கா, விஷயம் என்னங்க?"

மூடியை வளைத்த லாரி டிரைவர் பக்கத்திலேயே பீடியை மறைத்துக்கொண்டு நின்றிருந்தார். அக்கா அவரைப் பார்த்தார், மேனேஜரைப் பார்த்தார்.

"ஒண்ணும் இல்லீங்க" என்றார்.

வளைந்த மூடி அப்படியே கிடந்தது.

அந்த மூடியைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது புரியும். லாரி சோளத்தைக் கொட்டுவதற்குத் தரையில் இரண்டு குழிகள் உண்டு. மேலே இரும்புக் கம்பி மூடி. அடியில் திருகாணி மாதிரி நீளமான ஓர் இரும்பு சுழலும், அதை நாங்கள் திருகு என்போம். சோளத்தை அதுதான் தள்ளிக்கொண்டு போகும். மூடி சரியாக உட்கார்ந்தால் விளிம்புக்கு உள்ளே, விளக்கு அடித்துக் குனிந்தால்தான் தெரிகிற சின்ன சுவிட்ச் அழுந்தும், திருகு ஓடும். மூடியைத் தூக்கினால் சுவிட்ச் விடுபடும், திருகு ஓடாது. பட்டன் இருக்கிற அறை மாடியில். அங்கிருந்து குழிக்குள் ஆள் இருப்பது தெரியாது. மூடி திறந்திருந்தால் ஓடாது என்ற நம்பிக்கையில்தான் மேலே இருப்பவர் பட்டனை அழுத்துவார். அதே நம்பிக்கையில்தான் அக்கா கீழே இறங்குவார்.

மூடி வளைந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஒரு நாள் காலையில் நான் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். நைட் ஆபரேட்டர் பக்கத்தில் வந்து நின்றார். செந்துறைப் பக்கம் அவருக்கு, நெடுநெடுவென்று இருப்பார். கண் சிவந்திருந்தது. போன மாதம் வேலை நேரத்தில் தூங்கியதற்கு மேனேஜர் அவரைக் கூப்பிட்டு, இன்னொரு தடவை ஏதாவது என்றால் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லியிருந்தார். வீட்டில் அவர் மனைவிக்கு அது ஒன்பதாம் மாதம்.

"அண்ணே, அந்தூருக்காரரு பண்ண கூத்து தெரியுமா?" குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ராத்திரி லோடு வரிசையா நிக்குதாம். மோட்டாரு என்னடான்னா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு ஓட மாட்டேங்குதாம். டிரைவருங்க கெடந்து கத்துறானுவ. அந்தாளு என்னா பண்ணாரு, ஒரு கம்பிய எடுத்து..."

"எல்லாரும் வாங்க" என்று மேனேஜர் கைதட்டினார்.

வரிசையில் போய் நின்றோம்.

"நைட்ல ஏதாச்சும் பிரச்சினைங்களா?"

ஆபரேட்டர் என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"ஒண்ணும் இல்லீங்க சார்."

வெளியே செந்துறை பஸ் ஹாரன் அடித்தது. அதை விட்டால் அடுத்தது எப்போது வரும் என்று சொல்ல முடியாது. டிபன் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டார். என் கையில் பாதிக் கதை.

எடை மேடையில் வந்து உட்கார்ந்தேன். முதல் லாரியை எடை போட்டேன். ஏதோ ஒரு கம்பி. எந்த மோட்டார்? ஷெட்டில் எத்தனையோ மோட்டார் ஓடுகிறது. டிரையர் மோட்டாரா, தூசி இழுக்கிறதா? தூசி மோட்டாரில் கம்பி கட்டினால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டாவது லாரி ஏறும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தால், அக்கா கோணியை இடுப்பில் கட்டிக்கொண்டு, கையில் சட்டியும் விளக்குமாறுமாக இரண்டாவது குழியைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தார். அடியில் சோளம் ஊறிப் பூஞ்சை பிடித்திருந்ததால் அதை இன்று சுத்தம் செய்யச் சொல்லியிருந்தார் மேனேஜர். வளைந்த மூடி அந்தக் குழியுடையதுதான்.

லாரியை மேடையிலேயே விட்டுவிட்டு இறங்கி ஓடினேன்.

இரண்டு பேர் மூடியைத் தூக்கி ஓரமாக வைத்திருந்தார்கள். அக்கா குழி விளிம்பில் உட்கார்ந்து காலை உள்ளே தொங்கவிட்டிருந்தார்.

"அக்கா, இறங்காதீங்க."

"ஏன் தம்பி?"

"காலைல அந்தூருக்காரர் வந்தாரு. கதை பாதியில நிக்குது."

வேறு எதுவும் நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அக்கா மெதுவாக ஒரு காலை மேலே எடுத்தார். பிறகு இன்னொன்றை. முகத்தில் சிரிப்பு இல்லை.

"எதுலயாம்?"

"மோட்டாருன்னாரு. கம்பின்னாரு. எந்த மோட்டாருன்னு சொல்றதுக்குள்ள பஸ் வந்துடுச்சு."

"போனப் போடு."

போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ராத்திரி முழுக்க விழித்தவர், பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்ததும் தூங்கியிருப்பார். திரும்பப் போட்டேன். எடுக்கவில்லை.

மேனேஜர் வந்துவிட்டார்.

"என்னங்க, மேடையில லாரி நிக்குது, நீங்க இங்க நிக்கறீங்க?"

"சார், இன்னிக்கு மட்டும் மெயினை ஆப் பண்ணிட்டு இவங்கள இறக்கலாமே."

"மெயினை ஆப் பண்ணா டிரையர் நின்னுடும். உள்ள இருக்கற சோளம் கருகிடும். உங்களுக்குத் தெரியாததுங்களா? எதுக்குங்க?"

அந்த 'எதுக்குங்க'வுக்கு என்னிடம் பதில் இருந்தது, அதைச் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் செந்துறை பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருக்கிறவருக்கு நாளைக்கு வேலை இல்லை. அது தூசி மோட்டாராக இருந்துவிட்டால், ஒன்றுமில்லாததற்கு ஒரு குடும்பத்தின் சோற்றில் மண்ணைப் போட்டவன் ஆவேன். சொல்லாமல் இருந்தால் அக்கா இறங்க வேண்டும். நான் அக்காவைப் பார்த்தேன்.

அக்கா தலைத்துண்டை அவிழ்த்து உதறினார். மறுபடி கட்டினார். மறுபடி அவிழ்த்தார்.

"அக்கா, நேரமாகுது."

"இருங்க சார். குழிக்குள்ள போறவ தலையக் கட்டிக்கிட்டுத்தான் போவணும். மேல வந்தா நீங்களா பேன் எடுப்பீங்க?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். மேனேஜரும் லேசாகச் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புக்குள் நான் மூன்றாவது தடவையாகப் போனைப் போட்டேன். அக்கா அடுத்ததாக விளக்குமாற்றின் கட்டு தளர்ந்துவிட்டது என்று உட்கார்ந்து இறுக்கத் தொடங்கினார். இறுக்கிய இறுக்கில் கட்டு நிஜமாகவே அவிழ்ந்து ஈர்க்கெல்லாம் தரையில் கொட்டியது.

"அண்ணே..." தூக்கக் குரல். எடுத்துவிட்டார்.

மேனேஜர் என் கையைப் பார்த்தார். "யாருங்க, நைட் ஆபரேட்டரா? ஸ்பீக்கர்ல போடுங்க."

போட்டேன். பஸ் இரைச்சல் குழி மேல் பரவியது. யாரோ டிக்கெட் கேட்கிற சத்தம், ஒரு குழந்தையின் அழுகை.

"தம்பி, போனு ஸ்பீக்கர்ல இருக்கு. சார் பக்கத்துலதான் நிக்கிறாரு" என்றேன். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

அந்தப் பக்கம் சீட் கிறீச்சிட்டது, நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்.

"சொல்லுங்கண்ணே."

"காலைல அந்தூருக்காரர் கதை சொன்னீங்க. கம்பிய எடுத்தாருன்னீங்க, நின்னு போச்சு. அக்காவுக்கு முடிவு தெரியணுமாம். தெரியாம குழியில இறங்க மாட்டேங்குது."

மேனேஜர் நெற்றியைச் சுருக்கினார். "இதுக்கா லாரிய நிறுத்தி வச்சிருக்கீங்க?" என்று கேட்க வாயெடுத்தவர், அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"எந்தக் குழிண்ணே?" என்றது போன்.

"ரெண்டாவது."

பஸ் எங்கோ நின்றது. ஆட்கள் ஏறுகிற சத்தம். கண்டக்டர் விசில். ஆபரேட்டர் மனசுக்குள் என்ன ஓடியது என்று நான் பிறகும் கேட்டதில்லை. கேட்கவும் தேவையில்லை. ஒரு பக்கம் ஸ்பீக்கரில் மேனேஜர், இன்னொரு பக்கம் குழி விளிம்பில் அக்கா.

"அந்தூருலயும் ரெண்டு குழிதாண்ணே" என்றார் கடைசியில். குரல் கதை சொல்கிற குரலாக இருக்கப் பார்த்தது. "ரெண்டாவது குழி மூடி வளைஞ்சு கெடக்கு. இத்தன நாளு மிதிச்சு உக்கார வச்சா ஓடுச்சாம், நேத்து மிதிச்சாலும் சுவிட்ச அழுத்த மாட்டேங்குது. அது அழுந்தாம திருகு ஓடாதுல்ல. அந்தாளு சுவிட்ச கம்பியால இறுக்கிக் கட்டிட்டாரு. மூடி தொறந்தாலும் ஓடும், சாத்துனாலும் ஓடும். விடியக்காலம் அவுத்துடலாம்னு நெனச்சாரு. அவுக்க மறந்துட்டு... பஸ் ஏறி..."

அதற்கு மேல் அவரால் கதைக் குரலைப் பிடித்துவைக்க முடியவில்லை.

"அக்கா இறங்கலல்ல? அண்ணே, இறங்கலன்னு சொல்லுங்கண்ணே. அக்கா! அக்கா!"

"மேலதான் இருக்கேன்" என்றார் அக்கா. போனுக்குக் கேட்டதோ என்னவோ. சிக்னல் போய்விட்டது.

மேனேஜர் குழி ஓரத்தில் மண்டி போட்டார். செல்போன் வெளிச்சத்தை அடித்துக் குனிந்து பார்த்தார். சுவிட்சைச் சுற்றி முறுக்கிய கம்பி வெளிச்சத்தில் மினுங்கியது. எழுந்தபோது முழங்காலில் சோளத் தூசி. அதைத் தட்டிவிடவில்லை.

"எல்லாரும் பின்னால போங்க." மாடிக்குப் போன் செய்தார். "ரெண்டாவது குழி பட்டனை ஒரு தடவை போடுங்க. நான் சொன்னதும் நிறுத்தணும்."

அக்கா இடுப்பிலிருந்த கோணியை அவிழ்த்தார். தான் வழக்கமாகக் கால் வைக்கிற இடம் பார்த்து உள்ளே போட்டார்.

"என் எடத்துல அது நிக்கட்டும்."

மூடி திறந்து கிடந்தது. ஓடக் கூடாது. திருகு ஒரு முனகலோடு சுழன்றது. கோணியின் ஒரு முனையைக் கவ்வி, துணி துவைக்கிறவள் முறுக்குவது போல ஒரு முறுக்கு முறுக்கி, உள்ளே இழுத்துக்கொண்டு போய்விட்டது. மேனேஜர் நிறுத்தச் சொல்லிக் கத்தினார். அவர் கத்தி அன்றைக்குத்தான் கேட்டோம். திருகு நின்ற பிறகு ஷெட்டில் டிரையரின் சத்தம் மட்டும் இருந்தது. அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒருவர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். அவர் வாங்கவில்லை, குழியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாருங்க அந்தூர்க்காரர்?" என்றார் மேனேஜர்.

அவருக்கும் தெரிந்துதான் கேட்டார். பதிலுக்குக் காத்திராமல், "அந்த லாரிக் கதை... மூடி மேல ஏறி உட்கார்ந்துச்சுன்னு அக்கா ஆரம்பிச்சாங்களே, அது இந்த மூடிதானுங்களா?" என்று கேட்டார். இந்தத் தடவை அக்கா தலையாட்டினார். மேனேஜர் மூடியைப் பார்த்தபடி நின்றார்.

மதிய டீக்கு முன்பே ஆபரேட்டர் வந்துவிட்டார். பாதி வழியில் இறங்கி, எதிர் பஸ் பிடித்து வந்திருக்கிறார். ராத்திரி போட்டிருந்த அதே சட்டை. டீ டிரம் பக்கத்தில் எல்லோரும் நின்றோம், மேனேஜரும் நின்றார். ஆபரேட்டர் நேராக அக்காவிடம் போனார். பழக்கம் முந்திக்கொண்டது.

"அக்கா, அந்தூருக்காரரு ஒரு..."

"நிறுத்து." அக்கா கிளாஸைக் கீழே வைத்தார். "டிரையர் கதவத் தொறந்து போட்டாரா, சரி. மூட்டைய மாத்தி ஏத்துனாரா, சரி. சிரிச்சுட்டுப் போறேன். இன்னிக்குத் திருகுக்குள்ள போனது என் கோணி. அது அந்தூருக்காரரு கோணி இல்ல. எந்தூருக்காரன் கட்டுனான்னு என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

ஆபரேட்டர் ஓரக்கண்ணால் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் இருப்பது எங்கள் எல்லோருக்குமே தெரிந்தது. அவர் அங்கிருந்து நகர்ந்து போயிருக்கலாம், போகவில்லை. அவர் போகாததை நான் அப்போது குற்றமாக நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

"நான்தாங்க்கா கட்டுனேன்."

எங்கள் ஷெட்டில் நான் கேட்ட முதல் 'நான்' அதுதான். சொல்லிவிட்டு அவர் அழுதார். அக்கா டிரம்மிலிருந்து ஒரு கிளாஸ் டீ பிடித்து அவர் கையில் திணித்தார். "குடிச்சுட்டு வூட்டுக்குப் போ. அந்தப் புள்ள ஒத்தையில கெடக்கும்" என்றார்.

மேனேஜர் அந்த வாரம் முழுக்க அவரை வேலைக்கு வர வேண்டாம் என்றார். அடுத்த வாரம் வரச் சொன்னார். கேட்ட எங்களுக்கு அதிகமாகவும் பட்டது, குறைவாகவும் பட்டது. அன்று சாயங்காலமே வெல்டர் வந்து மூடியை நிமிர்த்தினார். முன்பே ஒரு பாதிக் கதைக்குக் காது கொடுத்திருந்தால் கம்பிக்கு வேலை இருந்திருக்காது என்று மேனேஜர் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் மீட்டிங்கில் வரிசை இல்லை. டீ டிரம்மைச் சுற்றியே நின்றோம். அவரும் ஒரு கிளாஸை வாங்கிக்கொண்டு, "சரிங்க, அந்தூருல என்ன விசேஷம்?" என்றார். அவர் அதைக் கேட்ட தோரணையில் கொஞ்சம் சங்கடம் இருந்தது. எங்களுக்கும்தான்.

அந்தூர்க் கதைகளுக்கு ஒரு வரம்பு போட்டவர் அக்கா. மூட்டை, கதவு, தூக்கம், வாய்த்தகராறு, எல்லாவற்றையும் அந்தூர்க்காரர் தலையில் கட்டலாம். இன்னொருத்தர் கையோ காலோ போகிற விஷயம் என்றால் அந்தூர்க்காரரைக் கூப்பிடக் கூடாது, 'நான்' என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். யாரும் கை தூக்கி ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அப்படித்தான் நடக்கிறது.

ஆபரேட்டர் திரும்பி வந்த முதல் காலை. பெண் குழந்தை பிறந்திருந்தது. டீ கிளாஸோடு நின்றவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "நான்..." என்றார்.

சொல்லிவைத்தது போல எல்லோரும் கிளாஸைக் கீழே வைத்தோம். மேனேஜரும் வைத்தார். அக்கா அப்போதுதான் புதுக் கோணியை இடுப்பில் கட்டிக்கொண்டிருந்தார். முடிச்சுப் போடாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான் என்னா சொல்ல வந்தேன்னா, மிட்டாய் வாங்கிட்டு வர மறந்துட்டேன்."

"அடப் பாவி!" அக்கா ஒரு கையால் கிளாஸை எடுத்து, அடியில் இருந்த டீயை அவர் மேல் வீசினார். எல்லோரும் சிரித்தோம், சிரிப்பில் கொஞ்சம் நடுக்கமும் இருந்தது. சிரித்து முடிந்ததும் அக்கா முடிச்சைப் போடவில்லை.

"அவ்வளவுதானா? வேற 'நான்' எதுவும் இல்லியே?"

ஆபரேட்டர் சிரிப்பை விட்டுவிட்டு யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். ராத்திரி முழுவதையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பது அவர் கண்ணில் தெரிந்தது. லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன, யாரும் அவசரப்படுத்தவில்லை.

"இல்லக்கா" என்றார்.

அக்கா கோணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு முதல் குழியைப் பார்த்து நடந்தார்.